மோட்டார் ஓடுது, தண்ணி வரல

பழைய வேன்களில் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் அது பெரிய கோளாறாக இருக்காது சார். டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா, பட்டனை அமுக்கினால் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கும். சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் தண்ணீர் பீய்ச்சும் முனையில் அடைப்பு, இல்லையென்றால் டியூப் எங்காவது கழன்றிருக்கும். எங்கள் வேனில் எப்போதும் டியூப்தான். பானட்டைத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். டியூப் கழன்றது, கண்ணாடி மறைத்தது, யார்மேலும் குற்றமில்லை. நான் கையெழுத்துப் போட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா வண்டிப் பட்டறை வைத்திருந்தார். அவரும் நானும்தான் வேலை பார்த்தோம். தம்பிக்கு அதெல்லாம் சரிப்படாது. பானட்டைத் திற என்றால் டீசல் மூடியைத் திறப்பான். படித்து, வேறு ஊரில் நல்ல வேலைக்குப் போனான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் போனது, பேச்சும் போனது. பட்டறையை மூடினேன். அன்றிலிருந்து ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் தூங்கிய நாள் எனக்கு நினைவில்லை. குறையாகச் சொல்லவில்லை. எழுதும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று சொல்கிறேன்.

தம்பி மாதம் ஒரு ஞாயிறு வருவான். தங்கமான பையன். அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுவான், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். இந்தத் தடவை லீவு போட்டு வந்து, பரிசோதனைக்குத் தானே கூட்டிப் போவதாகச் சொன்னான். என்னைத் தூங்கச் சொன்னான். வேனின் பின்பக்கம் மெத்தை விரித்து, அப்பாவைப் படுக்கவைத்து, பட்டைகளால் இறுக்கிக் கட்டினேன். அவர்கள் போனதும் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் திரும்பும் வழியில், ஊருக்கு முந்தின பெரிய வளைவை நெருங்கிவிட்டதாகப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு ஓட்டிக்கொண்டே பேசினான். டாக்டருக்கே ஆச்சரியமாம், அப்பாவின் நெஞ்சு இருபது வயதுக்காரனுடையது போல இருக்கிறதாம்.

"இன்னும் பதினஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லையாம்க்கா" என்றான்.

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயது ஐம்பத்தொன்று.

அந்த நேரம் பார்த்து, எதிரே வந்த லாரி சேற்றை வாரி அடித்திருக்கிறது. கண்ணாடி முழுக்கச் சேறு, பட்டனை அமுக்கினால் தண்ணீர் வரவில்லை என்றான். இன்னொரு தடவை அமுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டேன். மோட்டார் பாரமே இல்லாமல் கீச்சென்று ஓடியது. டியூப் கழன்று தண்ணீர் தரையில் கொட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஓரமா நிறுத்திப் பாக்கவாக்கா?"

"வேணாம். மோட்டார் ஓடுதுல்ல, விடாம அமுக்கு, வந்துரும். வைப்பரைப் போடு."

தண்ணீர் இல்லாமல் வைப்பர் போட்டால் சேறு இழுபட்டுக் கண்ணாடி முழுக்கப் பரவும். எதிர்வெயில் பட்டால் பாலை ஊற்றியது போல ஆகிவிடும். வண்டி தெரிந்த யாருக்கும் இது தெரியும். தம்பிக்குத் தெரியாது.

"அக்கா, இப்ப ஒண்ணுமே தெரியல."

"வளைவு தாண்டினா வெயில் ஒதுங்கிடும். நேரா ஓட்டு."

அது பொய்யில்லை. வெயில் ஒதுங்கும்தான். அந்த வளைவுக்கு முன்னால், அந்த நேரத்தில், கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும். அந்தச் சாலை எனக்கு உள்ளங்கை போல. அவன் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"சரிக்கா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

நான் போனை வைக்கவில்லை. சத்தம் கேட்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன். அப்புறம் படுத்தேன். உங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டும்வரை நன்றாகத் தூங்கினேன்.

தம்பி அங்கேயே முடிந்துபோனான். அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, பட்டைகள் தாங்கிக்கொண்டன. நான் எதிர்பார்த்தது அப்படியில்லை. தம்பிமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது சார், ஓட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவன் ஸ்பீக்கரில் பேசினான் என்று சொன்னேனில்லையா. பின்னால் படுத்திருந்தவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நாற்பது வருஷம் பட்டறை நடத்தியவருக்கு அந்த மோட்டார் சத்தத்தின் அர்த்தமும், நான் வைப்பரைப் போடச் சொன்னதன் அர்த்தமும் விளங்காமலா இருக்கும்? வாய்விட்டுச் சொல்லத்தான் அவரால் முடியாது. வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து நான் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். பக்கத்து வீட்டம்மா ஊட்டினால் சாப்பிடுகிறார். இன்றோடு ஆறு நாள்.

கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் போய்விட்டால், என்னைப்போல அவரை அக்கறையாகப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் கவலையாக இருக்கிறது.