வரியில்லாத தானம்

இல்லம்மா, ரசீதுக்காக வரல. ரசீது வந்துடுச்சு, நன்றி சொல்லி ஒரு கடுதாசியும் வந்துச்சு, பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். நான் கேக்குறது வேற. கார்பின் ஹாகன். முப்பத்தி நாலு வயசு, ஒல்லியா இருப்பான், இடது புருவத்துல ஒரு வெட்டு. இங்க சேந்திருக்கானா இல்லையா? அது ஒண்ணு சொன்னாப் போதும்.

சட்டம் தெரியும்மா. போதையை விட வந்தவங்க பேரை வெளிய சொல்லக் கூடாது, நியாயம்தான். ஆனா நான் யாரோ இல்லியே, பெத்த அப்பன். வெர்லின் ஹாகன். அந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரைத் தட்டிப் பாருங்க, போன டிசம்பர்ல கொடுத்தவங்க பட்டியல்ல இருக்கும். ம்... இருக்கா? அப்பச் சொல்லுங்க.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையா. சரி. கொஞ்சம் உக்காந்துக்கிறேன். வெளிய மைனஸ் இருபது. கார்ல என் வீட்டுக்காரி இருக்கா, ஆர்லிஸ். இல்ல, உள்ள வர மாட்டா. என்கூட வந்து நிக்க மாட்டாளாம். ஹீட்டர் ஓடுது, அவளுக்கு ஒண்ணும் ஆகாது.

ரொக்கமாத் தரலம்மா, ஷேராத் தந்தேன். நீங்க பாத்திருப்பீங்க. டிராக்டர் கம்பெனில முப்பத்தியோரு வருஷம் இருந்தேன், சம்பளத்துல பிடிச்சுப் பிடிச்சு வாங்குனது. ஒரு ஷேர் ஆறு டாலர்னு வாங்குனேன், இப்ப நூறைத் தாண்டிடுச்சு. வித்தா அந்த லாபத்துக்கு வரி. விக்காம ஷேரையே அப்படியே தானமாக் குடுத்தா எனக்கும் வரி கிடையாது, உங்களுக்கும் கிடையாது. அதுக்கு மேல, முழு விலையையும் என் வருமானத்துல கழிச்சுக்கலாம். ஆறு டாலரைக் குடுத்துட்டு நூறு டாலர் குடுத்ததா எழுதிக்கலாம், அதுவும் சட்டப்படி. ஆடிட்டர் சொன்னப்ப சந்தோஷத்துல எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆயுசு முழுக்க அரசாங்கம் என் சட்டைப் பையில கை விட்டுச்சு, ஒரு தடவை நான் அதோட பையில கை விட்டுட்டேன்னு சர்ச்ல காபி குடிக்கிறப்ப எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். ஆமா, பீத்தல்தான். வேற என்ன சொல்றது.

டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள உங்க கணக்குக்கு வந்து சேரணும், ஒரு நாள் தப்புனா அடுத்த வருஷக் கணக்கு. நாலு நாள் போனும் கையுமா நின்னேன். அந்த நாலு நாளும் அவன் எங்க வீட்லதான் இருந்தான். சோபால போர்வையைப் போத்திக்கிட்டு, உடம்பெல்லாம் உதறி, தானா போதையை விடப் பாத்துட்டு இருந்தான். அவன்கிட்ட ஒரு வாய் சூப்பு குடிச்சியாடான்னு கேக்கல. ஷேர் போயி சேந்துச்சான்னு கேட்டுக் கேட்டு ஷேரை மாத்தி விடுற புரோக்கர் உயிரை எடுத்தேன்.

இல்லம்மா, குடுத்ததைத் திருப்பிக் கேக்க வரல. குடுத்தது குடுத்ததுதான். நல்ல இடம்னு தெரிஞ்சுதானே குடுத்தேன். இந்த இடத்தைச் சொன்னதே அவன்தான். நான் ஷேர் குடுக்கறதுக்கு முன்னாடியே பென்சில்ல எழுதி எடுத்துட்டு வந்தான், முப்பது நாளைக்கு ஒம்பதாயிரம் டாலர்னு. அப்பா, தொண்ணூறு ஷேர் மட்டும் வித்துத் தாங்க, இந்தத் தடவை நிஜமா விட்டுடறேன்னான். எத்தனையோ தடவை அப்படிச் சொல்லி ஏமாத்தியிருக்கான், அது வேற. ஆனா பணத்தை என் கையில குடுக்க வேணாம், நேரா அவங்களுக்கே கட்டிடுங்கன்னு சொன்னது இந்தத் தடவைதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வித்தா வரி போகும்டா, நான் என்ன கேணையான்னேன்.

அவன் வீட்டை விட்டுப் போயி பதினாறு நாள் ஆச்சும்மா. போன் எடுக்கல. போலீஸ்காரங்க நேத்து அவன் காரைக் கண்டுபிடிச்சாங்க, நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் பங்குல. அவன் கோட்டு பின் சீட்டுல கிடந்துச்சு. இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம எவ்வளவு தூரம் போவான்? அங்கிருந்து இங்க ரெண்டு மைல்தான். கணக்குப் போட்டுப் பாத்தேன், வேகமா நடந்தா அரை மணி நேரம். வந்திருக்கலாம்ல? யாராவது ஏத்திட்டு வந்திருக்கலாம். நீங்க வாயத் தொறக்க வேணாம். அவன் உள்ள இருந்தா அந்தப் பேனாவை மட்டும் இந்தப் பக்கம் நகத்தி வைங்க. அதுல எந்தச் சட்டம் உடையும்?

சரி. சரிம்மா. அழல, கண்ணு குளிருக்குத் தண்ணி விடுது. சொன்னா உங்க வேலை போயிடும், தெரியும்.

ஆர்லிஸ் ஏன் உள்ள வரலன்னு கேட்டீங்கள்ல. முப்பதாம் தேதி ஷேர் வந்து சேந்துச்சுன்னு போன் வந்ததும் கார்பின் எந்திரிச்சு உக்காந்தான். அப்பா, பணம் அங்கதானே போயிருக்கு, நானும் அங்கயே போறேன், உங்க பேரைச் சொன்னா ஒரு கட்டில் தர மாட்டாங்களான்னான். எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. எதுக்கும் ஆடிட்டரைக் கேட்டேன். அவரு, உன் மகனுக்கு அதுக்குப் பதிலா இடம் கிடைச்சா அது தானம் இல்ல வெர்லின், காசு குடுத்து வாங்குனதா ஆயிடும், வரிக் கழிவுல கை வைப்பாங்கன்னாரு. நான் அவன்கிட்ட வந்து சொன்னேன், ஏப்ரல்ல கணக்குத் தாக்கல் பண்ற வரைக்கும் நீ அந்த வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு.

சரிப்பான்னான். கார் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

பொறந்ததுலேருந்து என் பேச்சை ஒரு நாள் கேட்டதில்லம்மா அவன். பள்ளிக்கூடத்துக்குப் போடான்னா போக மாட்டான், வேலைக்குப் போடான்னா போக மாட்டான். இதை மட்டுமா கேட்டிருக்கப் போறான்?