பி.காம். எழுதித் தந்த புகார்

காந்திபுரத்தில் பெருந்துறை பேருந்து கிளம்பக் காத்திருந்தது. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் எண்ணெய்ச் செக்கு நடத்துபவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“என்ற செக்கெண்ணெயில பாமாயில் கலக்கறேன்னு கொழுந்தனாரு பேஸ்புக்ல பொய்யா எழுதிப்போட்டாரில்லீங்க? புகாரும் அவருதான் எழுதிக் குடுத்தாருங்க.”

காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

“ஏனுங்க, யாரு மேல புகாருங்க?” என்றார் பக்கத்துப் பெண்.

“அவரு மேலதானுங்க. ஒரு வாரமா ஒருத்தரும் எண்ணெ வாங்க வரலீங்க. சைபர் கிரைம் போலீசுக்கு ஆன்லைன்லயே புகார் குடுக்கலாமாமா. எங்க சொந்தத்துல அவருக்குத்தானுங்க அதெல்லாம் தெரியும்.”

“மாட்டேன்னு சொல்லலீங்களா?”

“ஒதவின்னு கேட்டா சொல்லுவாருங்களா? சாட்சிக்கு வேணும்னு ஸ்கிரீன்ஷாட், லிங்க் எல்லாம் அவரே எடுத்துச் சேத்தாருங்க. பதிவ எழுதுனவர் பேருன்னு கேட்ட எடத்துல, தன்ற பேருக்குப் பின்னால பி.காம்.னு போட்டுக்கிட்டாருங்க.”

“அப்பவே அந்தப் பதிவ அழிச்சுப்போடுங்கன்னு சொல்லியிருக்கலாமுங்களே?”

செக்குக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லாருக்குதுங்க! ஊட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டு இருக்கற மனுசங்கிட்ட அதையெல்லாம் எப்படீங்க கேக்கறது?”