அது விறகுத் தொட்டி இல்ல

அத மட்டும் வாங்காதீங்க தம்பி. ஆமா, அந்தச் செம்பு அண்டாவத்தான் சொல்றேன். கடைக்காரன் காதுல விழுந்தா விழட்டுமே! அவனுக்கு நான் ஒண்ணும் பயப்படல.

என்ன எழுதி ஒட்டியிருக்கான் பாத்தீங்களா? கையால தட்டின பழங்காலத்து விறகுத் தொட்டியாம், குளிர்காயற கணப்புக்குப் பக்கத்துல வைக்கவாம். த்தூ! கணப்புக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? இது துணி வேக வைக்கிற அண்டா. இங்கிலாந்துக்கு வடக்க, எங்க கம்பர்லாந்துல வீட்டுக்கு வீடு பின்கட்டுல செங்கல் வச்சுக் கட்டி உள்ள எறக்கியிருப்பாங்க, அடியில அடுப்பு. திங்கக்கிழமை விடிஞ்சா இதப் பத்த வச்சாகணும். அன்னிக்குச் சமையலே கிடையாது. ஞாயித்துக்கிழமை மிஞ்சின ஆட்டுக்கறிய ஆறிப்போனதா தின்னுட்டுக் கெடக்கணும்.

இதுல என்னென்ன வெந்துச்சுன்னு தெரியுமா? பிள்ளைங்க பீத்துணி. தாத்தா காறித் துப்பின கைக்குட்டை. பிரசவம் ஆன படுக்கை விரிப்பு. எல்லாம் ஒண்ணா, மேல அழுக்குத் தண்ணி தளதளன்னு... சிரிக்காதீங்க. அந்த நாத்தம் இன்னும் என் மூக்க விட்டுப் போகல. இதப் பளபளன்னு தேச்சுக் கூடத்துல வச்சுக்கிட்டு, வர்றவன் போறவனெல்லாம் ஒயின் குடிச்சுக்கிட்டே ஆகா அழகும்பான். கருமம்!

செம்புதான் வேணும்னா அந்தக் கரிவாளிய எடுங்க. அது நெசமாவே கணப்புக்குன்னு செஞ்சது. சுத்தியல் தடத்தப் பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அந்த இடுக்கியும் நல்ல சாமான். பொம்பளைங்க கைக்கும் அடங்கும்.

இது துணி அண்டான்னு எனக்கு எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க. அண்டாவுக்கு உள்ள கைய விட்டு அடியத் தடவுங்க. ஒரு ஒட்டு தட்டுப்படுதா? ஆணி ரெண்டு கோணலா இருக்கா? ஊர் ஊராப் போய் பாத்திரம் அடைக்கிறவன் எங்க வாசல்ல உக்காந்து போட்ட ஒட்டு அது. அம்மா அவனுக்கு ரெண்டு முட்டை குடுத்தா. இது எங்க வீட்டு அண்டாங்க.

சே சே, நான் இத ஆசைப்பட்டு வாங்க வரல. வெளிய வண்டியோட நிக்கிறான் பாருங்க, பழைய சாமான் எடுக்கிறவன். வாங்கின கையோட அவன்கிட்டக் குடுத்து, என் கண்ணு முன்னாடியே நசுக்கச் சொல்லப் போறேன்.

எங்க வீட்டுக் கடைக்குட்டி வில்ஃப் இதுலதான் விழுந்தான். ரெண்டு வயசு. முக்காலி மேல ஏறி எட்டிப் பாத்தான். அவன அடக்கம் பண்ணி அடுத்த திங்கக்கிழமை, இதுலயேதான் துணி வேக வச்சா அம்மா. வேற அண்டாவுக்கு எங்க போவா? சாகுற வரைக்கும் என்னைய ஒரு வார்த்தை திட்டல.

எனக்கு அப்ப ஏழு வயசு. கொடியில துணி போட்டுட்டு வந்துர்றேன், மூடியப் போட்டு வைடின்னு சொல்லிட்டுத்தான் போனா. நல்ல குளிருங்க அன்னிக்கு. ஆவி மூஞ்சில படறது இதமா இருக்குன்னு நான் மூடாம நின்னுட்டேன்.