லாவோஸ் பஸ்ஸில் கன்னடம்

"லாவோஸ்ல எனக்குக் கன்னடம்தான்டி கைகொடுத்துச்சு."

சிவாஜிநகரிலிருந்து லிங்கராஜபுரம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. கம்போடியாவில் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள் என்பது பக்கத்திலிருந்த சிநேகிதியிடம் அவள் பேசியதில் தெரிந்தது.

"ரெண்டு நாள் லீவு கிடைச்சாலும் இருக்கறதுலயே சீப்பான பஸ் ஏறி பக்கத்து நாட்டுக்குப் போயிடுவேன். அந்த லாவோஸ் பஸ்ல கோழியும் மூட்டையுமா கால் வைக்க இடமில்ல. தெரியாத ஊருன்னா என் வாய்ல தானா கன்னடம் வந்துடும். கொஞ்சம் நகருங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்ல, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'ன்னுட்டேன்."

"லாவோஸ்காரன்கிட்டயா? லூசு."

"அரிசி மூட்டை மேல இருந்த ஒருத்தரு நகர்ந்து, வாங்க, உக்காருங்கன்னு சுத்தக் கன்னடத்துல சொன்னாரு. ஹூப்ளிக்காரராம். என்னை மாதிரியே வாலண்டியர்."

"அப்புறம்?"

"அப்புறம் வியட்நாம், தாய்லாந்து, எல்லா பஸ்லயும் பக்கத்து சீட்டு அவருதான்."

சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அடிப்பாவி. வீட்ல?"

"ஞாயித்துக்கிழமை பொண்ணு கேட்டு வர்றாரு. நாங்க சர்ச், அவங்க கோயில். அப்பா குதிகுதின்னு குதிப்பாரு."

"அவருக்குத் தமிழ் வருமா?"

"வராது. அப்பாவுக்குக் கன்னடம் நல்லா வரும். அப்பா முன்னாடி என்ன பேசணும்னு சொல்லிக்குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"லாவோஸ் பஸ்ல நான் சொன்ன அதே மூணு வார்த்தைதான்."