பெருநாள் விடிய இறங்குறேன்

— நளீர் நானா, இன்னும் கொஞ்சம் வேகமா அமத்துங்களேன்!

— கடுகண்ணாவ வளைவு இது, கைரியா. அமத்தினா வேன் நேரே பள்ளத்துலதான் இறங்கும்.

— சாஹுல் ஹமீது காக்கா மச்சானைத்தான் கண்டாராமா? வேற ஆளா ஈக்காதா?

— உன் புருசனும் அவரும் ஒரே பிளேனாம். "மஹ்மூது ஏர்போட் வெளிவாசல்ல நின்டு முழிச்சுக்கிட்டிருந்தான், நீங்க ஏன் போகல்ல?"ண்டு என்னைப் புடிச்சு ஏசுறார். விடிய இறங்கின மனுசன்! இப்ப பின்னேர அசர் பாங்கும் சொல்லியாச்சு.

— ஃபோன்ல "பெருநாள் விடிய இறங்குறேன்"ண்டுதானே சொன்னார்! இன்னைக்கு முப்பதாம் நோன்பு. பெருநாள் நாளைக்கு!

— எங்களுக்கு நாளைக்கு. ஜித்தாவுல நேத்தே பிறை கண்டாச்சு. அவருக்கு இன்னைக்கே பெருநாள், புள்ள!

— யா அல்லாஹ்! அவர்ட ஃபோனும் இங்க வேலை செய்யாதே!

— பிளேனுக்கு அஞ்சு மணித்தியாலம், பிறைக்கு ஒரு முழு நாள். நாங்க பிளேனை மட்டும் கணக்குப் பார்த்துட்டோம்.

— நானா, உங்களுக்கு ஒண்டு தெரியாது. அவர் ஜித்தாவுக்குப் போகக்கொள்ள, "போகாதீங்க"ண்டு கோவிச்சுக்கிட்டு நான் வழியனுப்பவும் போகல்லதானே? அதுக்கு அந்த ஃபோன்லயே சொன்னார்: "ஏர்போட் வாசல்ல நீ நின்டா மடவளைக்கு, எங்கட வீட்டுக்கு வாறேன். நிக்காட்டி உன் கோவம் தீரல்லண்டு வெளங்கிக்குவேன். நேரே கம்பளை, உம்மாட வீடு. அதோட எல்லாம் முடிஞ்சுது."

— அட மடச்சி! கூடப்பொறந்த நானாட்ட இதை இப்பவா சொல்ற?

— ஏசாம ஓட்டுங்க நானா!

— எங்க ஓட்ட? முன்னுக்குப் பாரு, லொறி குறுக்கால நிக்கிது. மேல போறதும் இல்ல, கீழ வாறதும் இல்ல. மூவாயிரம் மைல் பறந்து வந்தவரைப் புடிக்க எங்களுக்கு அறுபது மைல் போக ஏலாம ஈக்கி!

— நான் இறங்கி நடக்கிறேன்.

— கட்டுநாயக்க ஏர்போட்டுக்கா? உக்காரு பேசாம. அட, அந்தக் கடை வாசல்ல பாரு! தலையில தொப்பி, கையில பணிஸ். பட்டப்பகல்ல டீயில தோய்ச்சுத் தோய்ச்சுத் தின்னுறான்!

— யாரோ பயணக்காரர், விடுங்க.

— எப்படி விடுற? ஏய் காக்கா, முதுகைக் காட்டினா யாருக்கும் தெரியாதா? நோன்பு நாள்ல வெக்கமில்லையா?

— நோன்பா? பெருநாளன்னைக்கு நோன்பு புடிக்கிறதுதான் ஹராம், ஹாஜியார்! காலையிலேந்து நீங்க நாலாவது ஆள். இந்த ஊருக்கு என்ன புடிச்சீக்கி?

— நானா... அந்தக் குரல்! மச்சான்! மச்சான், இங்க!

— கைரியாவா? இப்பவா வாற? பகல் வரைக்கும் வாசல்ல நின்டேன். உன் முடிவு வெளங்கிட்டுது. வேன் கம்பளைக்குப் பேசியாச்சு, லொறி மறிச்சதாலதான் இங்க நிக்கிறேன்.

— முடிவுமில்ல ஒண்டுமில்ல! இங்க பெருநாள் நாளைக்கு! நாளைக்கு விடிய வாசல்ல நிக்க சாரி கூட அயர்ன் பண்ணி வெச்சீக்கி மச்சான்!

— நாளைக்கா? அப்ப... அந்த நாலு பேரும் ஏசினது...

— சரியாத்தான் ஏசினோம், மஹ்மூது!

— டிரைவர் தம்பி! பெட்டியெல்லாம் இறக்கி நானாட வேன்ல ஏத்துங்க. நீங்க கம்பளைக்குப் போய் உம்மாட்ட, மஹ்மூது நாளைக்குத்தான் வாறாண்டு சொல்லுங்க!