ஏழாம் படிகத்தின் சாட்சி

மேடையிலிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, சுரங்கத்திலிருந்து பூட்ஸோடு அப்படியே வந்துவிட்ட தோழர்களே, வணக்கம்.

இன்று நாம் அஞ்சலி செலுத்த வந்திருப்பவருக்கு மூத்த தொழில்நுட்பர் என்பது பதவி. நமக்கு அவர் ஈயம் அண்ணன். நிலத்துக்குக் கீழே ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், நம் சுரங்க ஆய்வகத்தில் படிகங்களைச் சோதித்தவர். கதிர் பட்டால் படிகம் மினுக்கென்று ஒளிவிடும். அந்த மினுக்கை வைத்து இது நியூட்ரான், இது காமா என்று பிரிக்க வேண்டும். வெளிக்கதிர் புகாமல் சுற்றிலும் ஈயக்கட்டி அடுக்க வேண்டும். அவர் அடுக்கினால் தபால் அட்டை நுழையாது. நாம் அடுக்கினால்? பூனை நுழையும் என்பார்.

யாரையாவது சும்மா இறங்க விட்டாரா? ஒளிரும் முள் வைத்த பழைய கடிகாரம் கதிர் வீசும். அதைக் கட்டிக்கொண்டு வந்த இயக்குநரையே நிறுத்தினார். மாமனார் கொடுத்தது என்றார் இயக்குநர். “கடிகாரம் மேலயே இருக்கட்டும் சார். மாமனார் வேணும்னா வரட்டும்.”

பிறகு ஏழாம் படிகம் வந்தது. சுரங்கத்தில் இறக்கி ஈயத்துக்குள் வைக்குமுன், மேலே மேசையில் முதல் சோதனை. காமா எண்ணிக்கை எகிறியது. பழுது, திருப்பி அனுப்பலாம் என்றது குழு. அது போனால் அடுத்தது வர ஒன்றரை வருடம்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டீ குடிக்கப் போனார். எண்ணிக்கை விழுந்தது. திரும்பி வந்தார். ஏறியது.

என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது: முந்தைய நாள் அவருக்கு எலும்பு ஸ்கேன். அதற்காக ஏற்றிய கதிர்மருந்து உடம்பில் மிச்சம். ஒரு நாளில் அடங்கிவிடும் என்று மனக்கணக்குப் போட்டிருக்கிறார். அவர் தப்பாகப் போட்ட ஒரே கணக்கு. நோயை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும். சொன்னால் இனி இறங்க விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் நல்ல படிகம் பழியோடு திரும்பும்.

நேராகக் குழுவிடம் போனார்.

“படிகம் நல்லாத்தான் இருக்குங்க. பழுது எனக்குத்தான்.”

அதன்பின் அவர் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. படிகம் இறங்கியது. அன்று மாலை வீட்டில், ஒரு படிகம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, ஆனால் அருமையான படிகம் என்றாராம். அண்ணி இரண்டு நாள் பேசவில்லையாம். அண்ணனோ மேலேயிருந்து எங்களைப் போனில் வாட்டியெடுத்தார். வடக்கு மூலையில் இடுக்கு இருக்கிறது என்பார், பார்க்காமலே. இருந்தது.

தோழர்களே, திங்கட்கிழமை எட்டாம் படிகம் வருகிறது. அதைச் சோதிப்போம். அதற்கடுத்ததையும் சோதிப்போம். இறங்குமுன் கையெழுத்திடும் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: உடம்பு எப்படி இருக்கிறது?

உண்மையைத்தான் எழுதுவோம், அண்ணா. எழுதாதவரிடம் அருகில் உட்கார்ந்திருப்பவர் கேட்டுவிடுவார். அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.