தங்கை கழுத்தில் வெட்டிவேர்

இந்த மேசையில் சற்று முன் யாரோ ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். துடைத்திருக்கிறீர்கள், ஆனாலும் தோலின் நெடி மரத்தில் ஊறிவிட்டது. குறை சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். என் மூக்கு அப்படி. அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது.

எங்கள் கடையை நீங்களே போய்ப் பார்த்துவிட்டீர்கள். முன்பக்கத்துக் கண்ணாடி அலமாரியும் வருகிறவர்களோடு வாயாடுவதும் தங்கையின் பொறுப்பு. பின்னறை என்னுடையது. வெட்டிவேர், சந்தனம், லாவெண்டர், எலுமிச்சைப்புல், கிராம்பு என்று செடிகொடிகளிலிருந்து இறக்கிய எண்ணெய்கள் பழுப்புக் குப்பிகளில் அங்கேதான் இருக்கும். தூக்கம் வராதவருக்கு லாவெண்டர் தூக்கலாக, பல்வலிக்காரருக்குக் கிராம்பு சேர்த்து, புதிதாக மாமியார் வீட்டுக்குப் போகிறவளுக்கு மனசு படபடக்காமலிருக்க ஒன்று என்று கேட்டுக் கேட்டுக் கலந்து கொடுப்பேன். என் கணவர் ஊர் ஊராகப் போய் எண்ணெய் வாங்கி வருவார். கீழே கடை, மேலே வீடு, நாங்கள் மூன்று பேர்.

கலப்பதும் குடும்பம் நடத்துவது போலத்தான். எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா முதலில் ஓடிவந்து கலகலவென்று பேசிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். பூக்கள் நடுவில் வந்து உட்காரும். வெட்டிவேரும் சந்தனமும் தாமதமாக வரும், வந்தால் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நான் வெட்டிவேர் ரகம்.

அம்மா இறந்தபோது தங்கைக்குப் பால்பல்கூட விழவில்லை. இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டேதான் நான் படித்தேன், வேலை கற்றேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், இவளும் என்னோடு வருவாள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். காபியை முடிக்காமல் எழுந்து போனவர்கள் உண்டு. இவர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்கு ஜன்னல் வெச்ச ரூமாப் பார்க்கணுமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கழுத்தை நீட்டினேன்.

அவளுக்கு அவர் 'வாலு' என்று பெயர் வைத்தார். அவள் அவரை மாமா மாமா என்று சுற்றி வருவாள். "மாமா, அக்கா உங்களைக் கல்யாணம் பண்ணிக்கலை, உங்க மூக்குக்குக் கீழே ஒரு ஆராய்ச்சிக்கூடம் வெச்சிருக்கா" என்று கேலி செய்வாள். மூவரும் சிரிப்போம். நன்றாக இருந்தோம், மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கென்று ஒரு கலவை வைத்திருந்தேன். வெட்டிவேர், சந்தனம், ஆரஞ்சுப் பூ எண்ணெய் ஒரு துளி. அது விற்பனைக்கு இல்லை. எத்தனையோ பேர் கேட்டும் கொடுத்ததில்லை. காலையில் குளித்துவிட்டு வந்ததும் பிடரியில் என் விரலாலேயே தடவிவிடுவேன். கூச்சத்தில் தோளைக் குலுக்குவார். பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிடுவேன். வளர்ந்த பெண்தான். ஆனாலும் என்னிடம்தான் வந்து உட்காருவாள். அதன்பின் கடை திறப்போம்.

ஒரு மத்தியானம் மேல்தட்டிலிருந்த குப்பியை எடுக்க அவள் என் மேல் சாய்ந்தாள். அவள் கழுத்திலிருந்து என் வெட்டிவேர் வந்தது.

அவசரப்பட்டு முடிவு செய்கிறவள் இல்லை நான். எங்கள் தொழிலில் மூக்கு களைத்துப்போனால் சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்து பார்ப்போம். நம் உடம்பின் வாசனை நமக்குத் தெரியாது, அது வெற்றிடம். அதை முகர்ந்தால் மூக்கு தெளிந்துவிடும். அன்றைக்கும் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அவள் பக்கம் திரும்பினேன். இருந்தது. என் கணவரின் பிடரியில் தவிர உலகத்தில் எங்கும் இருக்கக்கூடாத வாசனை.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவருக்குத் தடவின அதே கையாலதானேம்மா தங்கச்சிக்குத் தலை பின்னுவீங்க?" என்று. நியாயமான கேள்விதான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டுதான் பின்னுவேன். என் கையில் மிச்சம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? இத்தனை வருஷம் இந்த மூக்கை நம்பித்தான் சோறு தின்றோம்.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. மாடிப்படியில் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் காலடி கேட்டதும் அவர், "மழை வரும்போல இருக்கு" என்பார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். ஒருநாள், "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "இருடி, அவ நல்ல மூடுல இருக்கறப்ப சொல்றேன்" என்றார் இவர். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கும் தங்கைக்கும் விருப்பமாம். அதைத்தான் என் கணவர் என்னிடம் பக்குவமாகச் சொல்லக் காத்திருந்தாராம். அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலிலேயே பழியாய்க் கிடக்கிறார் என்றீர்கள். பாவம், அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள்.

நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

அந்த வாரம் அவளாகவே வந்தாள். "அக்கா, ஃப்ரெண்ட்ஸோட படகுல போறோம். நாள் பூரா வெயில்ல இருப்போம். ஜம்முனு ஒண்ணு கலந்து குடேன்" என்றாள்.

பெர்காமட் என்று ஒரு பழம் உண்டு. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் சொந்தக்காரன். அதன் தோலைப் பிழிந்த எண்ணெயைப் போல மனதை லேசாக்குவது எதுவுமில்லை. ஆனால் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும். அந்தச் சுடுகிற சத்தை எடுத்துவிட்ட எண்ணெயும் வருகிறது. உடம்பில் பூசுவதற்கு அதைத்தான் எடுப்போம். அந்தச் சத்தை நீக்காதது, வீட்டில் மணம் பரவ ஆவியாக விடுகிற கலவைகளுக்கு. வாசனையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் சுடுகிற குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவைப்பது எங்கள் வழக்கம்.

சிவப்பு நூல் கட்டியதை எடுத்தேன். தாராளமாகவே விட்டேன். நல்ல கலவைதான், மேலே கொஞ்சம் ரோஸ்மேரி இலை எண்ணெய் சேர்த்தேன். "கழுத்தைச் சுத்தி நல்லாத் தடவிக்கோ. வெயில் பட்டா இன்னும் மணக்கும்" என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

படகில் போய் வந்த இரண்டாம் நாள் கழுத்து சிவந்தது. பிறகு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அவர் பதறிப்போய், "டாக்டர்கிட்ட போலாம் கிளம்பு" என்றார். எனக்கு அந்தப் பதற்றமே போதுமானதாக இருந்தது. தங்கைதான் மறுத்தாள். "வீட்டுலேயே டாக்டர் இருக்கறப்ப எதுக்கு மாமா? அக்கா பார்த்துப்பா."

பார்த்துக்கொண்டேன். லாவெண்டர் எண்ணெய் வெந்த தோலுக்கு நல்லது என்று அவளுக்கும் தெரியும். லாவெண்டர் மணக்கிற களிம்பு ஒன்று செய்தேன். அடியில் எது இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. அவர் பார்த்துக் கொடுத்த ஜன்னல் வைத்த அறையில், அந்த ஜன்னலைத் திறந்து, வெயில் விழுகிற இடத்தில் அவளை உட்காரவைப்பேன். புண்ணுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பேன். முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு மெதுவாகத் தடவுவேன். வலிக்கும்போது ஊதிவிடுவேன். சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் செய்வேனே, அதேபோல.

"உன் கை பட்டாத்தான்கா எரிச்சல் அடங்குது" என்பாள் கண்ணை மூடிக்கொண்டு.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அவள் அழுதபோது நானும் அழுதேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே நிறுத்தியிருப்பேன். 'அக்கா, நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. ஒவ்வொரு காலையும் அதற்காகக் காத்திருந்தேன். அவளோ தலையணையைச் சரிசெய்யச் சொல்வாள், கஞ்சி வேண்டாம் என்பாள், மாமாவுக்குச் சட்டை தேய்த்தாயா என்று கேட்பாள். எவ்வளவு அழுத்தம் பாருங்கள்.

புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. பிதற்ற ஆரம்பித்த அன்று அவர் என்னைக் கேட்காமலே அவளை அள்ளிக்கொண்டு ஓடினார். சீழின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். திரும்பி வந்தவர் நேராகப் பின்னறைக்குப் போனார். சிவப்பு நூல் கட்டிய குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

"நீ தூக்கி வளர்த்த பொண்ணுடி அவ" என்றார். அவருடைய பிடரியில் அன்றைக்கு நான் தடவியிருக்கவில்லை. வெறும் வியர்வை நாற்றம்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைத் தொடவிடவில்லை.

அவள் பிழைத்துக்கொள்வாள் என்கிறீர்கள். கழுத்தை ஒருபக்கமாகத் திருப்ப முடியாது, தழும்பு தாடைவரைக்கும் நிற்கும் என்கிறீர்கள். சரி.

இன்று காலை அவளுக்கு நினைவு திரும்பியதும் உங்கள் ஆள் போய்க் கேட்டாராம். "நான்தான் அவசரத்துல நூல் கட்டின பாட்டிலை எடுத்துக் கலந்துட்டேன். களிம்பும் நானே கலந்ததுதான். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களை விட்டுடுங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாளாம். வீட்டுக்குப் போகலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் எழுந்திருக்காததன் காரணம் அதுதான், மேடம். என் கணவரை எடுத்துக்கொண்டாள். நான் கலந்ததையும் அவள் கலந்ததாகச் சொல்ல நான் விடமாட்டேன்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு நூல் குப்பியை எடுத்தது நான். தெரிந்துதான் எடுத்தேன். களிம்பில் கலந்ததும், ஜன்னலைத் திறந்ததும், கடைசி நாள்வரை தடவியதும் நான்தான்.

நீங்களும் பெண்தான், யோசித்துப் பாருங்கள். மனதில் கள்ளம் இல்லாதவளாக இருந்தால், என்னை எதற்குக் காப்பாற்றப் பார்க்கிறாள்?